ஷியோனின் முடி ஒரு விரல் உயர்கிறது

ஓகிகுபோ, டோக்கியோ
3 செப்டம்பர் 1984

அன்புள்ள ஃபுயுமி,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. பத்திரிகையில் பார்த்து நீ தெரிந்துகொள்வது முறையல்ல என்பதால் முதலில் உனக்கு எழுதுகிறேன். டிசம்பர் இதழிலிருந்து ஷியோனின் முடி ஒரு விரல் உயரும்.

யாரையும் கலந்துகொள்ளாமல் முடிவெடுத்ததாக நீ சொல்லக்கூடும். கீழ்வீட்டு முடிதிருத்துபவரைக் கலந்துகொண்டேன். "அதுக்கு மேல போனா நிக்காதும்மா, உள்ள கம்பி வெச்சுக் கட்டணும்" என்றார். அவருடைய வாடிக்கையாளர்கள் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். ஷியோன் எனக்கு மட்டும்தான் கட்டுப்பட்டவன்.

இதனால் உனக்கு வரும் பாதிப்பை நான் மறைக்கப்போவதில்லை. இரண்டு இசைக்குழுக்களும் ஒரே மேடையில் நிற்கும் கட்டங்களில், நான் ஷியோன் பாடும் என் வெல்வெட் மழையை வரைந்துவிட்டு உன் கெட்டில்ஸுக்காக விட்டுவைக்கும் வெற்றிடம் மேல்பக்கத்தில் சற்றுக் குறையும். உன் தாமே உட்கார்ந்துகொண்டே மேளம் அடிக்கிறவள், உட்கார்ந்துகொண்டே பாடுகிறவள். அவளுக்கு மேல்வெளி எதற்கு? 'மேடைக்கு இரண்டு வாசல்' சித்திரக்கதைத் தொடர் ஐந்து வருடமாக இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. நாகரிகம் என் பொறுப்பு, சத்தம் உன் பொறுப்பு.

நீ ஊருக்குப் போனதிலிருந்து மேசையில் உன் பக்கத்தில் அரிசி குக்கரை வைத்திருக்கிறேன். அது உன்னைவிடக் குறைவாகப் பேசுகிறது. வேலை முடிந்ததும் சொல்கிறது.

அப்பாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? வாழ்நாளெல்லாம் பொதுக் குளியலகம் நடத்தியவர் தன் தரையிலேயே வழுக்கி விழுந்ததை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது?

போன பக்கத்தின் ஓரத்தில் நீ வெளிர்நீலப் பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்தேன். "இந்தக் கோட்டை மாட்டினப்ப ஹேங்கரை எடுக்க மறந்துட்டானா?" ஷியோனின் தோள் அகலம் கலை சார்ந்த விஷயம். அச்சகக் கேமராவின் கண்ணுக்கு வெளிர்நீலம் தெரியாது என்ற ஒரே காரணத்தால் நம் இருவர் மானமும் இத்தனை வருடம் காப்பாற்றப்பட்டு வருகிறது.

பத்திரிகையில் நம் ஆசிரியர் செகிகுச்சி, ஆண்டின் கடைசிக்கு ஏதோ திட்டம் வைத்திருக்கிறார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மழை தூறுகிறது, கொடியில் துணி கிடக்கிறது.

மிச்சிரு


சகாதா
8 செப்டம்பர் 1984

மதிப்பிற்குரிய மிச்சிரு ஹதானோ அவர்களுக்கு,

தங்களுடைய முடி உயர்வு அறிவிப்பு கிடைத்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே செகிகுச்சியின் தொலைபேசி வந்தது.

எங்கள் தொலைபேசி எங்கே இருக்கிறது என்று தங்களுக்குத் தெரியும். பெண்கள் குளிக்கும் பக்கத்துக்கும் ஆண்கள் குளிக்கும் பக்கத்துக்கும் நடுவில், நான் உட்காரும் உயரமான மேடையில் இருக்கிறது. அதில் பேசுவது வானொலியில் பேசுவதைப் போன்றது.

"தொகாஷி மேடம், ஹதானோ மேடம் எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்களே?" என்றார்.

"முடியைப் பத்தி சொன்னாங்க."

"முடியா? எந்த முடி?"

பிறகு அவரே சொன்னார். ஜனவரி இதழில் இரண்டு குழுக்களும் அகில நாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்றில் மோத வேண்டும். யார் வென்றது என்பதை நாம் வரையக் கூடாது. இதழோடு வரும் அஞ்சலட்டையில் வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். தோற்ற குழு கௌரவமாகக் கலைந்துவிடும். அதை வரைகிறவரும் கௌரவமாகக் கலைந்துவிடுவார்.

"ரெண்டு ஊர்லேர்ந்து பக்கம் வந்து சேர்றதுக்குள்ள அச்சகத்துக்காரன் அழறான் மேடம். எனக்கு வயித்துவலி மருந்துப் பொடி சாப்பிட்டே வயிறு ரொம்பிடுது."

"இது எப்ப முடிவாச்சு?"

"ஆகஸ்ட்லயே ஆச்சு. 'ஃபுயுமிகிட்ட நானே சொல்லிக்கறேன்'னு ஹதானோ மேடம்தான் சொன்னாங்க."

நான் ரிசீவரை வைத்தபோது பெண்கள் பக்கத்தில் ஒரு வாளிகூடச் சத்தம் போடவில்லை. மீன்கடை குடோ அக்கா தலையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். "என்னடி, உன்னை வேலையை விட்டுத் தூக்கறானுங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல்: "யாரைத் தூக்கறாங்க?"

கொதிகலன் அறையிலிருந்து அப்பா: "தண்ணி சூடு போதுமான்னு கேளு!"

அப்பா முன்பே சொல்லிவிட்டார். வசந்தம் வரும்போது எனக்கு டோக்கியோவில் வரைகிற வேலை இருந்தால், தங்கையும் அவள் கணவரும் வந்து குளியலகத்தை எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வாசல் பலகையில் என் பெயர் ஏறும். பெயர் ஏறிவிட்டால் ஆயுளுக்கும் நான் இந்த உயர மேடையில்தான். தங்களுக்கு இதுவும் தெரியும். தெரிந்தும் முடியைப் பற்றி எழுதினீர்கள்.

ஓரக் குறிப்புகள் இனி வராது. என் வெளிர்நீலப் பென்சிலைக் கொதிகலனில் போட்டேன். நன்றாக எரிந்தது.

இப்படிக்கு,
ஃபுயுமி தொகாஷி


ஓகிகுபோ
14 செப்டம்பர் 1984

மதிப்பிற்குரிய ஃபுயுமி தொகாஷி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் நடை சிறப்பாக இருந்தது. இத்தனை வருடம் எதிரெதிரே உட்கார்ந்தும் தாங்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் முழுவதும் அந்தச் செய்தியை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதுவேன். பிறகு பேனா பக்கத்தில் கிடக்கும் ஷியோனின் தலைக்குப் போய்விடும். முடி ஏன் உயர்ந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். இது விளக்கம்தான், மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வேண்டுமென்றே தோற்பேன் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வெல்வெட் மழை கலைந்தால் நான் எங்கே போவேன் என்று தங்களுக்குத் தெரியும். நம் குருவின் வீட்டுக்கு மறுபடி உதவியாளராகப் போய், அவருடைய கதாநாயகிகள் அழும்போதெல்லாம் பின்னால் ரோஜாப்பூ வரைய வேண்டும். அந்த வீட்டில் நாம் இருவரும் வரைந்த ரோஜாக்களை நட்டிருந்தால் டோக்கியோவில் நடக்க வழி இருந்திருக்காது. அங்கேதான் தாங்கள் ஒரு ரோஜாவின் முள்ளில் "இவ மூக்கு நம்ம வீட்டு சாவி மாதிரி இருக்கு" என்று எழுதி, என்னைச் சிரிக்கவைத்து, திட்டு வாங்கவைத்தீர்கள்.

அது பழைய கதை. இனி மக்கள் தீர்மானிக்கட்டும். ஒரு பக்கம் இசை, மறு பக்கம் வெந்நீர் கொதிக்கும் சத்தம். கெட்டில்ஸ் என்ற பெயரைத் தாங்களே வைத்ததால் நான் எதையும் சேர்க்கவில்லை.

என் பக்கங்களிலும் இனி ஓரத்தில் எதுவும் இருக்காது.

மிச்சிரு ஹதானோ


சகாதா
20 அக்டோபர் 1984

ஹதானோ அவர்களுக்கு,

டிசம்பர் இதழுக்கான பக்கங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சில விஷயங்களைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அரையிறுதிக் கட்டத்தில் ஷியோன் திரும்புகிறான். திரும்பட்டும். ஆனால் அவனுடைய மேலங்கி பறந்து, என் பாஸ் கிட்டார் பெண்ணுக்கு ஒதுக்கிய இடம் முழுவதையும் மூடியிருக்கிறது. ஒரு செருப்பு வைக்க மட்டும் இடம் மிஞ்சியது. செருப்பை வரைந்திருக்கிறேன். அகில நாட்டு அரையிறுதியில் ஒரு செருப்பு பாஸ் வாசித்ததாக வரலாறு சொல்லும்.

பதிலுக்குத் தாமேயின் பெரிய தாளத்தட்டை ஷியோனின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அடுத்த கட்டத்தில் அவன் கண்மூடி உருகுவதாகத் தாங்கள் வரைந்திருப்பது இப்போது வேறு மாதிரி தெரிகிறது.

இங்கே பெண்கள் குளிக்கும் பக்கம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஓய்வுபெற்ற இகராஷி டீச்சர் வெல்வெட் மழைக் கட்சி. சுவரோரக் குழாய்கள் அவர்களுடையவை. குடோ அக்காவின் கெட்டில்ஸ் கட்சியிடம் பெரிய தொட்டி இருக்கிறது.

"அந்தப் பையன் பாடறப்ப கண்ணுல தண்ணி வருது" என்றார் டீச்சர்.

"சோப்பு போயிருக்கும் டீச்சர், நல்லா கழுவுங்க" என்றார் குடோ அக்கா.

"உங்க தாமே பாடறாளா, மீன் ஏலம் போடறாளா?"

"மீன் ஏலம் போட்டுப் பாருங்க, அப்பறம் தெரியும் எது கஷ்டம்னு."

நான் இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சில்லறை வாங்கிக்கொண்டு, மடியில் பலகை வைத்து வரைகிறேன். நீராவியில் காகிதம் அப்பளம் மாதிரி வளைகிறது. நிழலுக்கு ஒட்டும் புள்ளித்தாள் கழன்று விழுகிறது. போன வாரம் ஷியோனுக்கென்று நான் வெட்டிய நிழல் ஒன்றைக் காணவில்லை. மறுநாள் குடோ அக்காவின் கணவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவின் முதுகில் ஒட்டிக்கொண்டு வீடுவரை போயிருக்கிறது. திரும்பி வந்த ஷியோனின் நிழல் நல்ல மீன் வாசனையோடு இருந்தது.

இதைத் தங்களைச் சிரிக்கவைப்பதற்காக எழுதவில்லை. ஏழாம் பக்கத்தில் நிழல் ஏன் சற்றுச் சுருங்கியிருக்கிறது என்பதற்கான விளக்கம்.

ஃபுயுமி தொகாஷி


ஓகிகுபோ
11 நவம்பர் 1984

தொகாஷி அவர்களுக்கு,

டிசம்பர் இதழ் வெளிவந்துவிட்டது. முடி உயர்ந்தது. நாட்டில் பெரிய மாறுதல் எதுவும் இல்லை.

செகிகுச்சி வந்து, காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். அப்படி உட்கார்ந்தால் கெட்ட செய்தி என்று தங்களுக்கு நினைவிருக்கும்.

"படம் எல்லாம் அற்புதம் மேடம். தொகாஷி மேடம் தாளத்தட்டு, உங்க மேலங்கி, எல்லாமே அற்புதம். ஆனா வாசகருங்க ஒண்ணும் எழுத மாட்டேங்கறாங்க. ரெண்டு தூதரகம் விருந்து வெச்ச மாதிரி இருக்குன்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கா."

"சண்டைதானே போடறாங்க?"

"சண்டை போடறாங்க. ஆனா ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க மாதிரி போடறாங்க."

பொடியை வாயில் கொட்டிக்கொண்டு அவர் போன பிறகு, தாங்கள் அனுப்பிய பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். ஓரங்கள் சுத்தமாக இருந்தன. வரி அலுவலகத்திலிருந்து வந்த தாளைப் போல. என் பக்கங்களையும் பார்த்தேன். அவையும் அதே அலுவலகத்திலிருந்து வந்திருந்தன.

இத்துடன் ஜனவரி இதழின் இறுதிச்சுற்றுப் படம் வருகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே பெரிய படம். என் பாதி முடிந்தது. தங்கள் பாதியில் இடம் தாராளமாகவே இருக்கிறது, மேல்வெளியும் இருக்கிறது. ஷியோன் சற்றுக் குனிந்து நிற்கிறான். மைக் தாழ்வாக இருப்பதால். வேறு காரணம் எதுவும் இல்லை.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். அப்பாவை ஈரத்தரையில் நடக்க விடவேண்டாம்.

மிச்சிரு


சகாதா
17 நவம்பர் 1984

மிச்சிரு ஹதானோவுக்கு,

படம் முடிந்துவிட்டது. தாமே முதல் முறையாக எழுந்து நின்று அடிக்கிறாள். மேல்வெளி கிடைத்ததால். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு விஷயம். படத்தில் ஓரிடத்தில் எழுதிவிட்டேன். எழுத நினைக்கவில்லை, கை தானாகப் போய்விட்டது. நீங்கள் ஷியோனின் முடியை உள்ளே எதுவும் தீட்டாமல் வெள்ளையாக விட்டிருந்தீர்கள், கடைத்தெருப் பலகையைப் போல. நானும் எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

என் வெளிர்நீலப் பென்சில் எரிந்த கதை தெரியும். இது அப்பாவின் பென்சில். கொதிகலன் அறைச் சுவரில் ஒட்டிய தாளில் தண்ணீரின் சூட்டைக் குறிக்க வைத்திருப்பது. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். சூடு ஏறினால் சிவப்பில் எழுதுவார், இறங்கினால் நீலத்தில். நீலமாக இருந்தால் சரிதானே, கேமராவுக்குத் தெரியப்போவதில்லை. படித்துவிட்டு மறந்துவிடவும்.

உறையோடு டர்னிப் ஊறுகாயும் வைத்திருக்கிறேன். அது அப்பா அனுப்பச் சொன்னது.

ஃபுயுமி


ஓகிகுபோ
22 நவம்பர் 1984

ஃபுயுமிக்கு,

படம் வந்தது. அச்சகத்துக்கும் போய்விட்டது.

இதழ் வெளிவரும்வரை தொலைபேசியில் அழைக்காதே. அழைத்தாலும் எடுக்கமாட்டேன். வெளியே போயிருப்பேன், அல்லது வெளியே போயிருப்பதாகப் பாவனை செய்துகொண்டிருப்பேன்.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

மி.


சகாதா
5 டிசம்பர் 1984

மிச்சிரு,

நீ என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய்?

நான் இன்னும் இதழைத் திறக்கவில்லை, குடோ அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். காலணிகூட வாசலில் ஒன்றும் தெருவில் ஒன்றுமாகக் கிடந்தது.

"அடியே ஃபுயுமி! தாமே ஷியோன்கிட்ட வாய் குடுத்துட்டாடி!"

பக்கத்தைப் பார்த்தேன். ஷியோனின் முடிக்குள், என் கையெழுத்தில், சாம்பல் நிறத்தில், நாடு முழுவதற்கும் பொதுவாக அச்சாகியிருக்கிறது: "மழை வந்தா இந்தக் கூரைக்குக் கீழ நாங்க மூணு பேரும் ஒதுங்கிக்கலாமா?"

அதைப் பார்த்து நான் செத்தேன். பிறகு தாமேயின் பெரிய மேளத்தைப் பார்த்தேன். அதன் வயிற்றில், கறுப்பு மையில், உன் கையெழுத்தில்: "தாராளமா ஒதுங்கலாம். அந்த அண்டாவை மட்டும் வெளிய வெச்சிட்டு வாங்க."

என்னுடையது தவறு. உன்னுடையது தவறல்ல, வேண்டுமென்றே செய்தது. நீ மேசையில் வெள்ளை மை வைத்திருக்கிறாய். ஒரு தடவு தடவியிருந்தால் ஷியோனின் முடி பழையபடி மானத்தோடு நின்றிருக்கும். நீ பேனாவைத் தொட்டு எழுதியிருக்கிறாய். அண்டா என்று எழுதியிருக்கிறாய். ஐந்து வருடமாக அந்த மேளத்தை அண்டா என்று சொல்லிவருவது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது இந்த ஊரில் மீன் வாங்க வருகிறவனுக்கும் தெரியும்.

கேள், இங்கே நடந்ததை. துணி மாற்றும் அறையில் எல்லோரும் அஞ்சலட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு என் மேடையைச் சுற்றி நின்று எழுதினார்கள். என் பேனா, என் வரைபேனா, எல்லாம் போய்விட்டது.

"அக்கா, என்ன எழுதறீங்க?"

"ரெண்டு பேர் பேரையும் எழுதிட்டேன்."

"ரெண்டு எழுதினா செல்லாது! ஒரு பேர்தான் எழுதணும். அக்கா, தயவுசெஞ்சு கெட்டில்ஸ் மட்டும் எழுதுங்க, என் பொழப்பே இதுல இருக்கு!"

"அட போடி. அந்த முடிக்காரப் பய இல்லாட்டி நம்ம பொண்ணு யார்கிட்ட வாய் குடுப்பா? சும்மா செவுத்தைப் பாத்துப் பேசுவாளா?"

இகராஷி டீச்சரிடம் ஓடினேன். அவராவது விதிமுறையை மதிப்பார் என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டையில் இருந்த விதிமுறையை உரக்க வாசித்தார். 'ஒரு குழுவின் பெயரை மட்டும் எழுதவும்.' பிறகு அளவுகோல் கேட்டார். கட்டத்தின் நடுவில் நேராக ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வெல்வெட் மழை, அந்தப் பக்கம் கெட்டில்ஸ் என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

"டீச்சர், அது தப்பு!"

"தெரியும்மா. தப்பா இருந்தாலும் சுத்தமா இருக்கணும்."

சகாதாவில் எனக்கு விழுந்திருக்க வேண்டிய ஓட்டுகள் அத்தனையும் என் கண்ணெதிரே செல்லாமல் போயின. உன்னுடையவையும்தான். நான் தோற்றால், குடோ அக்காவுக்கு ஆயுள் முழுக்கச் சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பேன். நீ தோற்றால் ரோஜாப்பூ. அதையெல்லாம் யோசித்தபடி அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து, "அங்க என்னம்மா நடக்குது?" என்று கேட்டார்கள். அண்டா என்றேன்.

ஏன் செய்தாய்? ஒழுங்காகப் பதில் எழுது. முடியைப் பற்றி எழுதாதே.

ஃபுயுமி


ஓகிகுபோ
12 ஜனவரி 1985

அன்புள்ள ஃபுயுமி,

ஏன் செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முடிவை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே கீழே தாவிப் படிக்கிறாய் என்று தெரியும்.

உறையைப் பிரித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது நிறம்தான். அது கரும் நீலம். கேமரா அதை அப்படியே பார்த்துவிடும். வெள்ளை மைப் புட்டியைத் திறந்தேன். தூரிகையை நனைத்து, கையை ஷியோனின் தலைவரை கொண்டுபோனேன். அப்போதுதான் படித்தேன்.

செப்டம்பருக்குப் பிறகு என்னை யாரும் திட்டவில்லை, ஃபுயுமி. இந்த ஊரில் எல்லோரும் என்னை மேடம் என்கிறார்கள். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். செகிகுச்சி வந்தபோது உறையை ஒட்டியிருந்தேன். "பாக்கலாமா?" என்றார். "பாத்தா பொடி பத்தாது" என்றேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இனி முடிவு.

என்னை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். செகிகுச்சி நீளமான மேசையில் அஞ்சலட்டைகளைப் பிரித்து வைத்திருந்தார். வெல்வெட் மழைக்கு ஒரு சிறு அடுக்கு. கெட்டில்ஸுக்கும் ஒரு சிறு அடுக்கு, பார்த்தால் இரட்டைப்பிள்ளைகள். மூன்றாவது அடுக்கு மேசையில் இல்லை. சுவரோரமாகக் கோணிகளில் இருந்தது.

முதன்மை ஆசிரியர் நிஷிவாக்கி உள்ளே வந்தார். நாம் இருவரும் ஒரே ஒருமுறை புத்தாண்டு விருந்தில் பார்த்தோமே, மீசைக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு வந்தோமே, அவர்தான்.

"எந்தக் குழுய்யா ஜெயிச்சுது?"

"சமமா இருக்கு சார்."

"அந்தக் கோணி?"

"அது செல்லாதது சார். ரெண்டு பேரையும் எழுதியிருக்காங்க. சில பேர் பேரே எழுதாம திட்டி எழுதியிருக்காங்க."

"யாரை?"

"தாமே திட்டற மாதிரி ஷியோனை. ஷியோன் திட்டற மாதிரி தாமேயை. ஒரு பொண்ணு என்னையும் திட்டியிருக்கு."

நிஷிவாக்கி ஒரு கோணிக்குள் கைவிட்டு அள்ளினார். வாசித்தார். மீசை அசைந்தது. இன்னொரு கை அள்ளினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதில் ஒன்றை எனக்குக் காட்டினார். நடுவில் அளவுகோலால் கோடு போட்ட அட்டை, சகாதா முத்திரை. நான் எதுவும் தெரியாத மாதிரி நின்றேன்.

"இது செல்லாதுன்னு யாருய்யா சொன்னது?"

"விதிமுறை சார்."

"விதிமுறையை யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"அப்ப நீதான்யா செல்லாது. இவ்வளவு கோணி இந்த ஆபீசுக்கு எப்பவாவது வந்திருக்கா?"

செகிகுச்சி யோசித்துப் பார்த்து, வந்ததில்லை என்று ஒத்துக்கொண்டார். அந்த இடத்திலேயே தீர்மானமானது. இரண்டு குழுக்களும் வென்றன. யாரும் கலைய வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் நம் தொடர் இதழின் முதல் பக்கத்திலேயே தொடங்கும், வண்ணத்தில், இப்போதிருப்பதைப் போல் இரண்டு மடங்கு பக்கங்களோடு. அட்டைப்படத்தில் ஷியோனும் தாமேயும், நடுவில் அண்டா. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்தில். அளவை நான் கேட்டு வாங்கினேன். நிஷிவாக்கி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு மாதமும் திட்டு இருக்க வேண்டும்.

வாசலில் செகிகுச்சி என் பின்னால் ஓடிவந்தார். "மேடம், அந்த சாம்பல் நிறம் எந்தப் பென்சில்? அச்சகத்துக்காரன் கேக்கறான். வேற எதுல எழுதினாலும் அந்த மாதிரி வரலையாம்."

சொன்னேன். "குளியலகத்துப் பென்சிலா?" என்று கேட்டுவிட்டு, முதன்முறையாகப் பொடி இல்லாமல் விழுங்கினார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கடைசியில் கீழ்வீட்டு முடிதிருத்துபவரிடம் சொன்னேன். "முடியாலதானே?" என்றார். ஆமாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகஸ்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். இது விளக்கம் அல்ல.

அரிசி குக்கர் தரைக்கு மாற்றப்பட்டது.

மிச்சிரு


சகாதா
24 மார்ச் 1985

அன்புள்ள மிச்சிரு,

வியாழன் காலை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வா, சுமக்க இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று அதை மேடையில் ஏறி நின்று வாசித்தேன். பெண்கள் பக்கம் முழுவதும் வாளியைத் தட்டினார்கள். ஆண்கள் பக்கத்தில் காரணம் தெரியாமலே தட்டினார்கள். குடோ அக்கா இகராஷி டீச்சரின் முதுகைத் தேய்த்துவிட்டார். பல வருடம் இதே நீரில் குளித்தும் இதுவரை நடக்காத ஒன்று. "மெதுவா, மெதுவா, நான் என்ன மீனா?" என்று டீச்சர் கத்தியது தெருவுக்கே கேட்டது.

இப்போது இங்கே வண்ண அட்டையோடு ஏப்ரல் இதழ் வந்துவிட்டது. புத்தகக் கடையில் மிச்சமில்லை. காலணி அலமாரியின் மேல் ஒன்றை வைத்திருக்கிறோம். நீராவியில் ஷியோனின் முடி நெளிந்துவிட்டது, அதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அப்பா இதுவரை நம் தொடரைப் படித்ததே இல்லை. அன்று ஜனவரி இதழை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் ஒரே பக்கத்தில் இருந்தார்.

"இது என் பென்சில்."

"ஆமாம்ப்பா."

"நாடு பூரா போயிருக்கா?"

"போயிருக்கு."

பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் அடிக்கறா. நின்னு அடிக்கறா பாரு" என்றார். பிறகு எழுந்து, குச்சியை ஊன்றிக்கொண்டு போய், தங்கைக்கு அவரே தொலைபேசி செய்து வரச் சொன்னார். பேச்சைக் கேட்க நடுவில் நான்கு பேர் துண்டோடு நின்றார்கள். தங்கையும் மாப்பிள்ளையும் நேற்று வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்து, முதல் நாளே குடோ அக்காவுக்குச் சில்லறையைத் தவறாகக் கொடுத்து, தேவையான வசவை வாங்கிக்கொண்டார். குளியலகம் நல்ல கையில்தான் இருக்கிறது. பலகையில் அவர் பெயர் காய்ந்துகொண்டிருக்கிறது.

ஷியோனின் முடி விஷயமாக என் தரப்பு முடிவையும் தெரிவித்துவிடுகிறேன். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு எடுக்கப்பட்டது. அது இன்னும் ஒரு விரல் உயரலாம். எனக்கு எழுத இடம் போதவில்லை.

மேசையில் என் பக்கத்தைத் துடைத்து வை. குக்கரின் வட்டம் இருந்தால் அங்கேயே உன்னைப் பற்றி ஒன்று எழுதுவேன்.

பென்சில் தேடிக் கடைகடையாக அலைந்தேன். அதே நீலம் எங்கும் இல்லை. எப்போதோ மொத்தமாக வாங்கி வைத்ததாம், கொதிகலன் அறைப் பெட்டியில் இன்னும் கட்டுக்கட்டாக இருந்தது. அப்பா பெட்டியையே என் மடியில் வைத்தார். ஒவ்வொரு பென்சிலையும் நடுவில் அறுத்து, நீலப் பாதிகளை எல்லாம் என் பைக்குள் வைத்துக்கொண்டேன். சிவப்புப் பாதிகள் பெட்டியிலேயே இருக்கின்றன.

இன்று காலையிலிருந்து தண்ணீரின் சூடு, ஏறினாலும் இறங்கினாலும், சிவப்பில் குறிக்கப்படுகிறது.

ஃபுயுமி